முட்டி தேய்ந்த பிறகு பார்த்த அருவி

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘பத்து நிமிஷம்’. சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கில் வழிகாட்டி வேலை. ஆற்றோரமாக மூன்று மணி நேரம் நடந்தால்தான் பெரிய அருவி வரும். மூச்சு வாங்கிக்கொண்டு யார் கேட்டாலும், "இன்னும் பத்தே நிமிஷம்தாங்க, வந்தாச்சு" என்பார். இப்படியே பொய் சொல்லி ஆயிரக்கணக்கான பேரை அருவியில் கொண்டு சேர்த்த புண்ணியவான்.

கட்டிய மனைவியை மட்டும் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கால்சட்டையில் ஒட்டி வரும் வெள்ளைச் சேற்றைத் துவைப்பதுதான் எனக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவு. கூட்டிப்போகச் சொன்னால், கோடையில் "தண்ணியே இல்ல". மழையில் "தண்ணி ஜாஸ்தி". நடுவில் "வழி சரிஞ்சு கெடக்கு". மற்றவர்களெல்லாம் பறந்தா போனார்கள்?

இதற்குள் என் வலது முட்டி தேய்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கப்புறம் மேடு பள்ளம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொறுத்தது போதும் என்று நேற்றுக் காலை பள்ளத்தாக்கு டிக்கெட் கவுண்டரில் போய் நின்றேன்.

"அக்கா, உங்களுக்கு எதுக்கு டிக்கெட்?" என்றார் உள்ளே இருந்தவர்.

"டிக்கெட் வாங்கினவங்களைத்தானே அவர் கூட்டிட்டுப் போறார்?"

கூட்டத்தில் என்னைப் பார்த்ததும், வழிகாட்ட வந்த எங்கள் வீட்டு ஐயாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. பத்துப் பேர் முன்னால் சண்டை போட முடியுமா? எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு பக்கமும் ஆறு குடைந்த வெள்ளைப் பாறைச் சுவர், கீழே பச்சைத் தண்ணீர். சின்ன அருவிகள் மூன்றைத் தாண்டினோம். மற்றவர்களுக்கெல்லாம் பத்து நிமிஷம், என்னிடம் மட்டும், "ரொம்ப தூரம் இருக்கு, திரும்பிடு." அடேயப்பா, மனுஷனுக்கு உண்மை பேசவும் தெரிந்திருக்கிறது!

கடைசியில் பாறையில் வெட்டிய நாற்பது படிகள், பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். ஐந்தாவது படியில் என் முட்டி பூட்டிக்கொண்டது.

"போதும், இறங்கு" என்றார்.

"ஏன், படியும் சரிஞ்சு கெடக்கா?"

அவர் சிரிக்கவில்லை. "நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரம் இந்தப் படியில ஒரு அம்மா வழுக்கி விழுந்தாங்க. கையைப் பிடிச்சேன், நழுவிடுச்சு. பொழைக்கல. உன்னை இங்க நெனச்சாலே அந்தக் கை நழுவுனதுதான் ஞாபகம் வருது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் அவருக்கு, போனது என் முட்டி! கால் நன்றாக இருந்தபோதே இதைச் சொல்லித் தொலைத்தால் என்ன? அப்படியே படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறினேன். எனக்குக் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வியர்த்து வழிய அவரும் ஏறினார்.

மேலே போய்த்தான் திரும்பிப் பார்த்தேன். மலையே கரைந்து இறங்குகிற மாதிரி இருந்தது பெரிய அருவி. சாரலில் நனைந்துகொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

"அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை வந்திருப்பேனே" என்றேன்.

"வந்திருப்பே" என்றார். "வருஷத்துக்கு ஒரு தடவை நான் செத்திருப்பேன்."