அமெரிக்கன் ஃபுட்போலை வெட்டின காலம்

படம் வெட்டி ஒட்டுற எடிற்றர் வேலையில நல்ல வெட்டு எண்டால் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. என்ர வெட்டும் ஒருத்தரைத் தவிர ஆருக்கும் தெரியேல்லைத்தான், ஏனெண்டால் நிகழ்ச்சியையே சனம் பார்க்கேல்லை. பாடுபட்டுச் செய்ததை ஆரும் எட்டிப் பாராத ஆக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன்.

நிக்கிறதை வெட்டு

எழுபதுகளின்ர நடுவில, சிட்னியில ஒரு டிவி நிலையத்தில தற்காலிக எடிற்றராய் இருந்தனான். அமெரிக்கன் ஃபுட்போல் எண்டால் பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுற விளையாட்டு. அமெரிக்காவில டிவியில விளம்பரம் போடவேணும் எண்டால் ஆட்டமே காத்துக்கொண்டு நிக்கும். அப்பிடி ஒரு ஆட்டத்தின்ர மூண்டு மணித்தியால வீடியோ நாடா ஆறிப் பழசாகி பிளேனில வரும். நான் அதை ஒரு மணித்தியாலம் ஆக்கவேணும், சனிக்கிழமை மத்தியானம் போடுவினம். சனம் பார்த்தால் என்னை நிரந்தரமாக்குவினம். நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர மனிசி ரஞ்சினியைக் கூப்பிடலாம்.

முதல் நாள் மனேஜர் கெவினிட்டை விளையாட்டின்ர விதியைக் கேட்டன். அந்தாளுக்கும் தெரியாது.

"ஓடுறதை வை, நிக்கிறதை வெட்டு."

உதைச்சவன்

அப்பிடியே வெட்டினன். இடைக்கிடை ஒருத்தன் மண் படாத உடுப்போட வந்து, பந்தை ஒருக்கா உதைச்சுப் போட்டு, திரும்பிப் போய்க் குந்துவான். ஓடினதும் இல்லை, விழுந்ததும் இல்லை. பயிற்சி எடுக்கிறானாக்கும் எண்டு ஆளை முழுசா வெட்டி எறிஞ்சன். அவன்ர உதைக்கும் புள்ளி இருக்கெண்டு ஆர் கண்டது?

நிகழ்ச்சி மெல்பேர்னுக்கும் போறது. அங்கத்தைய ஆக்கள் ஆடுற ஃபுட்போலில உதைதான் உயிர். திங்கட்கிழமை அங்கயிருந்து ஒரு கிழவர் போன் எடுத்தார். ஏசுவார் எண்டு பார்த்தன், அழுமாப்போலக் கேட்டார்.

"முழு ஆட்டத்திலயும் உதைக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவனையும் ஏனப்பா வெட்டினனீ?"

குசினிக் கதிரை

சிட்னியின்ர மேற்கில, டூங்கபியில செல்வம் அண்ணை வீட்டில அறை எடுத்திருந்தனான். அண்ணை ரயில்வேயில வேலை, யூனியன்காரன். நான் நிரந்தரமானால் தேங்காய் உடைக்கிறதெண்டு அவற்ற மனிசி முருகனுக்கு நேர்ந்து வைச்சவ. சனிக்கிழமையில ரெண்டு பேரும் குசினிக் கதிரையளைத் தூக்கியந்து டிவிக்கு முன்னால போட்டுக்கொண்டு இருப்பினம். நான் எவ்வளவு வெட்டியும், விளையாடுறவங்கள் வட்டமாய்க் குனிஞ்சு குசுகுசுக்கிறது மிஞ்சியிருக்கும். அண்ணையின்ர மனிசி பத்து நிமிசத்தில நித்திரை. அண்ணை பாவம், எனக்காக நித்திரையை அடக்கிக் கண்ணை முழிச்சுக்கொண்டு இருந்தார்.

"தம்பி, குறை நினையாதை. இவங்கள் விளையாடுறாங்களோ, ஸ்ட்ரைக் கூட்டம் வைக்கிறாங்களோ?"

ஒரேயொரு போன்

கடைசியில, சனம் பார்க்கேல்லையெண்டு கெவின் நிகழ்ச்சியை நிப்பாட்டினார். சனம் முறையிட்டால் திரும்பப் போடுவம், உன்ர வேலையும் இருக்கும் எண்டார். அடுத்த சனிக்கிழமை அந்த நேரத்துக்கு, வயசானவை புல்லில பந்து உருட்டுறதைக் காட்டிச்சினம்.

நான் ரெலிபோன் எடுக்கிற மார்கரெற்றின்ர மேசையடியில போய் நிண்டன். முருகா, ஒருத்தராவது ஏசட்டும் எண்டு நிண்டன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், கண் கலங்கிப் போச்சு. மத்தியானம் முழுக்க ஒரேயொரு தரம் மணி அடிச்சுது. அவ கேட்டுப் போட்டு, போனை வைச்சிட்டு, என்ர முகத்தைப் பார்க்காமல் சொன்னா.

"ஒருத்தர் எடுத்தவர். நிப்பாட்டினதுக்கு நன்றி சொல்லச் சொன்னவர்."

வேலையும் போச்சு, ரஞ்சினியின்ர வரவும் தள்ளிப் போச்சு, ஏச்சு வாங்கிறதுக்கும் ஒரு குடுப்பினை வேணுமெண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கிச்சுது.