பத்திநாதரின் ஈயக்குண்டு

ஈயக்குண்டை ஒருமுறை முத்தமிட்டுத் தொங்கவிடுவார் பத்திநாதர். அது ஆடி அடங்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டார். அந்த நேரம் லா சப்பல் மெட்ரோ ரயிலும் காலடி ஓசையில்லாமல் நடந்து போகவேண்டும்.

கடைச் சுவர்களில் சாமான் தட்டு அடிப்பது தொழில். அவர் அடித்த தட்டில் யானையைப் படுக்கவைத்தாலும் உருளாது. போன கோடையில் மியூசியமொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ரோமாபுரித் தச்சரின் சாமான்களைக் கண்டார். மடக்கு அளவுகோல், கவராயம், மூலைமட்டம். பக்கத்தில், கால் விரித்து நின்ற ஒரு மரச்சட்டம். உச்சியிலிருந்து நூலில் குண்டு. கால்கள் மட்டமாக நின்றால் நூல் குறுக்குச்சட்டத்தின் நடுவெட்டில் வந்து விழும். வீட்டுக்கு வந்ததும் கட்டில் பலகையை அறுத்து அப்படியே ஒன்று செய்தார். நல்லவேளை, அதற்குமுன் மனைவி கட்டிலைவிட்டு எழும்பிவிட்டார்.

கூட வேலைசெய்யும் கிங்ஸ்டனிடம் சுவரில் சிவப்புக் கோடு போடும் லேசர் உண்டு.

“அண்ணை, உந்தச் சிலுவையை மியூசியத்திலையே குடுத்திட்டு வாங்கோவன்.”

“உன்ரை லேசர் பற்றறி செத்தால் சாகும். என்ரை குண்டு பூமி செத்தால்தான் சாகும், கண்டியோ.”

இந்தப் பகிடிக்குப் பின்னால்தான் அவர் ஒளிந்திருந்தார். நீரிழிவு கண்ணைத் தின்னத் தொடங்கியதிலிருந்து சிவப்புக் கோடு தெரிவதில்லை. நூலென்றால் பெருவிரலால் தடவலாம். கண் தெரியாதவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அன்று ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இம்மாகுலேற்றின் வளையல் கடை.

“முந்தி ஒராள் அடிச்ச தட்டிலை வளையலெல்லாம் உருண்டு றோட்டுக்குப் போயிட்டுது. வடிவாப் பாத்து அடியுங்கோ அண்ணை,” என்றார் இம்மாகுலேற்.

ஏணியில் நின்ற கிங்ஸ்டன் கேட்டான். “கோடு தட்டோடை ஒத்து நிக்குதோ அண்ணை?”

பத்திநாதர் சுவரை உற்றுப் பார்த்தார். “ஓம், செ பொன், சரிதான். நேராத்தான் நிக்குது.”

கிங்ஸ்டன் திரும்பினான். சுவரில் கோடே இல்லை. லேசர் அணைந்து எவ்வளவு நேரமோ.

“என்ன, கோட்டைக் காணே…” என்று தொடங்கினார் இம்மாகுலேற்.

“அக்கா, தேத்தண்ணி ஒண்டு போடுங்கோவன். தொண்டை காயுது.”

இம்மாகுலேற் உள்ளே போனதும் கிங்ஸ்டன் இறங்கிவந்து மரச்சட்டத்தைத் தட்டில் நிறுத்தினான்.

“என்ரை லேசர் செத்துப்போச்சண்ணை. உங்கடை ரோமாக்காரன் என்ன சொல்லுறான்?”

பத்திநாதர் குண்டை முத்தமிட்டுத் தொங்கவிட்டார். குண்டு அடங்கியது. விரல் நூலைத் தேடியது.

“இடப்பக்கம் கொஞ்சம் உயத்து.”

கிங்ஸ்டன் ஆப்பு வைத்துத் தட்டினான். நூல் நடுவெட்டில் விழுந்தது. பத்திநாதர் அவனுடைய கையைப் பிடித்து, அவன் பெருவிரலையும் அந்த வெட்டுக்குள் வைத்தார்.