திருப்பிப் பார்க்காத முதுகு

முதலில் ஒரு வாசனை வந்தது. பழம் அழுகினால் வருமே, அது மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர் என் சின்ன அலமாரியைப் பார்த்து முகம் சுளித்தார். ஊரிலிருந்து வந்தவர்கள் கொடுத்த சாத்துக்குடி, வாழைப்பழம் எல்லாவற்றையும் அம்மா ஒன்றுவிடாமல் எடுத்து வெளியே போட்டாள். மறுநாளும் வாசனை இருந்தது. அழுகிக்கொண்டிருந்தது நான்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. கோவிந்தாபுரம் சாலையில் கடலை மூட்டை ஏற்றிய வண்டி குடைசாய்ந்து என் வலது தொடை எலும்பு முறிந்தது. பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் டிராக்‌ஷன் (எலும்பு நேராகச் சேர்வதற்காகக் காலில் எடை கட்டி இழுத்து வைப்பது) போட்டார்கள். பத்து வாரம் மல்லாந்து கிடக்க வேண்டும், எலும்பு தானே சேர்ந்துவிடும், முதுகைத்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். முதுகைப் பற்றி அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருந்தால், அந்த முதுகுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பகலில் இரண்டு மணிக்கொரு தரம் முத்துலட்சுமி வருவாள். பயிற்சி நர்ஸ், இருபது வயதிருக்கும். தலைக்கு மேல் தொங்கும் இரும்புப் பிடியைப் பிடித்து நான் இடுப்பைத் தூக்க வேண்டும். அவள் முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டு, கட்டிலில் தொங்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மலைமேல் மாட்டுப்பட்டிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் குடும்பம் அவளுடையது. அந்த லயத்திலிருந்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நர்ஸ் படிப்புக்கு வந்த முதல் பெண். படிப்பு நின்றால் மறுபடி கூடையைத் தூக்க வேண்டியதுதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு பெண்ணின் கை படுவதா என்று வெட்கம். ஆனால் வெட்கம் பாதிதான். அவள் என்ன சாதி என்று அம்மா முதல் நாளே விசாரித்து வைத்திருந்தாள். மீதிப் பாதி அதுதான். எழுதக் கை கூசுகிறது, எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

அதனால் அவள் ஸ்பிரிட் பாட்டிலோடு வரும்போதெல்லாம், “எங்கம்மா தேச்சு உட்டுருச்சுங்க சிஸ்டர்” என்பேன். அவளும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். சோறு கொண்டுவரும் அம்மா கேட்டால், நர்ஸ் தேய்த்தாயிற்று என்பேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வேறு, அசைந்தால் எலும்பு விலகிவிடும் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆக மூன்று வாரம் என் முதுகை யாருமே பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அந்த வார்டின் மத்தியானங்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. கணவாய்க் காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருக்கும். சாப்பாடு முடிந்து வார்டு அடங்கியதும் முத்துலட்சுமி நர்சிங் வரலாற்றுப் புத்தகத்தோடு வருவாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை.

பழங்காலத்தில் நோயாளிக்குப் பணிவிடை செய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு அது ஆச்சரியம். பிறகு மடங்களில் கன்னியாஸ்திரீகள். பிறகு போரில் காயம்பட்டவர்களை விளக்கோடு சுற்றிவந்து பார்த்த சீமாட்டி. அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடம், பரீட்சை, வெள்ளை உடுப்பு எல்லாம் வந்தன. இரண்டாயிரம் வருஷத்தை அரைமணி நேரத்தில் கடகடவென்று ஒப்பிப்பாள்.

ஒருநாள், “ஒங்க ஊர்ல சீக்காளிய யாருண்ணே பாப்பாக?” என்று கேட்டாள்.

முடிவெட்டுகிறவர் வீட்டு அம்மாதான் என்றேன். நான் பிறந்தபோது கையில் வாங்கியது அவர்தான். அம்மை கண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். புழக்கடை வழியாக வந்து அப்படியே போய்விடுவார். அவர் பேர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

“புத்தகத்துலயும் இல்லண்ணே” என்றாள்.

இன்னொரு நாள், வைத்தியத்துக்கு நான்கு கால்கள் என்று ஒப்பித்தாள். வைத்தியர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்கள். நோயாளிக்கு வேண்டியவற்றில் ஒன்று, உடம்பில் இருப்பதை மறைக்காமல் சொல்வது. சரியாகச் சொன்னீர்கள் என்று பெரிய வாத்தியார் மாதிரித் தலையாட்டினேன். அப்போதே முதுகின் அடியில் எரிச்சல் இருந்தது. எலும்பு வலிதான் இப்படிப் பரவுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசனை வந்த மூன்றாம் நாள் வார்டு சிஸ்டர் போர்வையை இழுத்துவிட்டு இரண்டு பேரை வைத்து என்னைத் தூக்கிப் பார்த்தார். படுக்கைப் புண் (ஒரே இடம் அழுந்திக் கிடந்து இரத்தம் ஓடாமல் தோலும் சதையும் அழுகுவது). உள்ளங்கை அகலம். எலும்புவரை போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். தாளை எடுத்துப் பார்த்தார்கள். வரிசையாக முத்துலட்சுமியின் கையெழுத்து.

அம்மா வார்டே கேட்கும்படி கத்தினாள். “கொழுந்து கிள்ளற கையி இதுக்கெல்லாம் ஆகுமா?”

முத்துலட்சுமி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்கத் திறக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றும் செரிக்காத பகுதி.

மறுநாள் காலையில் மேட்ரன் (நர்ஸ்களுக்கெல்லாம் தலைமை) என் கட்டிலருகே வந்து நின்றார். அவளைப் பயிற்சியிலிருந்து நீக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அம்மாவும் அங்கே இருந்தாள்.

“ரெண்டு பேருகிட்டயும் நாந்தானுங்க பொய் சொன்னேன்” என்றேன். “அந்தப் புள்ளையத் தொட உடலீங்க.”

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மேட்ரன் கட்டிலில் தொங்கிய தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். நோயாளிகள் எதையாவது சொல்வார்கள், கண்ணால் பார்த்த பிறகு போடுவதற்குத்தான் கையெழுத்து, அவள் பார்க்கவில்லை. அவளை நீக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் பரீட்சை எழுத முடியாது, இன்னும் ஆறு மாதம் பயிற்சி.

செத்த தோலை டாக்டர் வெட்டி எடுத்தார். தினமும் உப்புநீரில் கழுவிக் கட்டியது அவள்தான். முதல் நாள் கட்டும்போது, “ஏண்ணே தொட விடல?” என்று கேட்டாள். வெட்கம் என்றேன். “சரிண்ணே” என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குமேல் கேட்காமல் கட்டி முடித்தாள். இரண்டு வாரம் போனதும் அம்மா தானாக எழுந்து வந்து அவளுக்கு உப்புநீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். 

எலும்பு சொன்னபடி சேர்ந்தது. புண் ஆற நாலு மாதம் ஆனது. அவளோடு படித்த பெண்கள் பாஸாகி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தபோது, அவள் எனக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் டாக்டரிடம் கால் காட்டப் போனேன். வராந்தாவில் எதிரே வந்தாள், தொப்பியோடு. பாஸாகிவிட்டதாகச் சொன்னாள். என் நடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப் போடும் அறைக்குக் கூட்டிப்போய், “திரும்புங்கண்ணே, பாப்போம்” என்றாள். குப்புறப் படுத்தேன். விரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தவன், தலையணையில் முகத்தை வைத்து அழுதுவிட்டேன். முடியும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார இன்றும் என்னால் ஆகாது. உடம்பே எழுப்பிவிட்டுவிடும். அந்தத் தழும்பை நான் பார்த்ததில்லை. முதுகுப்பக்கம் என்பதால் பார்க்கவும் முடியாது. என் மனைவிதான் ஒருமுறை கையை வைத்து இத்தனை அகலம் என்று சொன்னாள். அந்த அகலத்துக்குள் இருப்பது என் நோயல்ல, முத்துலட்சுமியின் ஆறு மாதம்.