கோரல் பெல்ஸுக்கு அணைத்த மண்

எங்கள் வீட்டு வடபுறச் சுவரோரம், வெயில் அதிகம் படாத இடத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. மருமகள் அதைக் கோரல் பெல்ஸ் என்பாள். அவள் குன்னூர்க்காரி. கல்யாணமாகி வந்தபோது அவளுடைய அம்மா வேரோடு பிரித்துக் கொடுத்துவிட்ட செடி. அங்கே மெல்லிய காம்பில் சிவப்பாக மணிமணியாகப் பூக்குமாம். தென்காசியில் பூத்ததே இல்லை. இலைதான். கத்தரிப்பூ நிறம், பின்பக்கம் இன்னும் கருத்து. எனக்குப் பார்க்கப் பிடிக்கும். அவளிடம் இதைச் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது.

போன வருஷம் அவள் அம்மா தவறிவிட்டார்கள். படுக்கையில் கிடந்த காலத்திலேயே குன்னூர்த் தோட்டம் காய்ந்துவிட்டது. அம்மா வைத்ததில் மிஞ்சியது இந்தத் தொட்டி ஒன்றுதான். இந்த ஆனியில் அந்த வீட்டை விற்பதற்காகச் சாமான்களை ஒழிக்க மகனும் அவளும் போனார்கள்.

"அத்தை, மேல்மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி விடுங்க. இலை கிளம்புற கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும்" என்றாள். தலையை ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு எனக்குக் காய்ச்சல். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, எங்கள் தெருவரை சாரல் அடித்தது. செடியை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் விவசாயம் பார்த்து, பாவூர்சத்திரம் சந்தைக்குக் கத்தரிக்காய் அனுப்பியவர். செடி காற்றில் ஆடவும், கத்தரிக்கு அணைப்பது போலச் சாணத்தூளும் மண்ணும் போட்டுக் கழுத்து மூட அணைத்துவிட்டார்.

நான் எழுந்து வந்து பார்த்தபோது இலைகள் துவண்டு கிடந்தன. ஒன்றைத் தொட்டேன். காம்போடு கையில் வந்தது. அடி கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

"சாயுதேன்னு அணைச்சேன், ஏட்டி. நல்லதுதான பண்ணுனேன்?"

"நல்லதுதான். இது கத்தரி இல்லல்லா."

"அவ வந்தா மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

நானாக யாருக்கும் போன் போடுகிறவள் இல்லை. வந்தால்கூட "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு அவரிடம் கொடுத்துவிடுவேன். அன்று நானே போட்டேன். செத்துப்போன அம்மாவின் வீட்டில் நிற்கிறவளிடம் இதையா சொல்வது என்று நாக்கு எழவில்லை. எப்படியோ சொன்னேன்.

"பிடுங்கிப் பாருங்க அத்தை. கெட்டியா ஒரு கிளையாவது இருக்கும். கறுப்ப வெட்டிட்டு மணல்ல நடுங்க. சாரல் படாம வைங்க."

அவர் போனை வாங்கி, "நான்தாம்மா அணைச்சேன். உங்கத்தை இல்ல" என்றார்.

சுண்டுவிரல் நீளத்தில் ஒரே ஒரு கிளை கெட்டியாக இருந்தது. ஆற்றுமணலில் நட்டு ஜன்னலுக்கு உள்ளே வைத்தேன். அதன்பிறகு அவளே தினமும் கூப்பிட்டாள். செடியை விசாரித்துவிட்டு, அம்மாவின் இட்லிச் சட்டி, கம்பளி, பழைய குடை என்று அன்றைக்கு ஒழித்ததைச் சொல்வாள். நான் போனைக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆடியில் வந்தாள். பையை இறக்காமல் நேரே ஜன்னலுக்குப் போனாள். அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

"மெதுவா இழுத்துப் பாருங்க அத்தை. வேர் விட்டிருந்தா வராது."

"நீயே இழும்மா."

"எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "பிடிச்சிருக்கு" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் பார்த்தாள். "மாமா, வாங்க. தொட்டிக்கு மண்ணு கலக்கணும்."

"சாணம் போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"கழுத்துக்குக் கீழதான் மாமா."