அம்மாவின் இரண்டு மரக்கட்டைகள்

நேற்று வாஷிங் மெஷின் கிடுகிடுவென்று ஆடியது. முட்டுக் கொடுக்கலாமென்று பரணில் துழாவினால், பாதம் அகலத்துக்கு இரண்டு மரக்கட்டைகள் அகப்பட்டன. என் மனைவி ஜோனாலி பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். "அத்தையோட கட்டைப்பா அது! மூளை இருக்குதா ஒனக்கு?" இல்லையென்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறாள்.

அவள் அசாம்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் கடுகெண்ணெய் வாசத்தோடு டப்பாவைத் திறந்தவளைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். அடுத்த வருஷமே அவளைக் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வந்தேன். எனக்குப் பழகிய வாசமெல்லாம் பொரிதான். சின்ன வயதில் பிரதோஷம் தோறும் அப்பா கோயிலுக்குக் கிளம்பியதும், அம்மா என் டவுசர் பையில் பொரியைக் கொட்டி, "அப்பா வர்ற வரைக்கும் வெளியில ஆடுடா" என்று துரத்திவிட்டுக் கதவைத் தாழ்போடுவாள். பொரி கிடைத்ததே, எனக்கென்ன!

ஜோனாலி வந்த அன்றே வினை. தறியில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் ஊரில் தறி பெண்களுடையது, ஆண் உட்கார்ந்தால் கேலி செய்வார்களாம். எங்கள் வீட்டில் நேர்த் தலைகீழ். ஆண் நெய்வான், பெண் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். பக்கத்துத் தெருவில் பெண்கள் நெய்தார்கள்தான். அப்பாவுக்குப் பக்கத்துத் தெரு வேறு தேசம். போதாததற்கு, புடவையைத் தொட்டாலே நெய்த கை யாருடையது என்று சொல்லிவிடுவேன் என்ற பெருமை வேறு.

"நானும் நெய்யறேன் மாமா" என்று கேட்டாள்.

"மருமவ தறியில ஒக்காந்துக்கினு இருந்தா பாக்கறவன் என்னாம்மா சொல்லுவான்? எனக்குக் கை விளங்கலன்னு சொல்லுவான்."

ஆறு மாதம் நூல் சுற்றினாள். ஒருநாள் காலை பெட்டியோடு வந்து நின்றாள். "எங்கம்மா சொல்லிக்குடுத்த வேலைய இந்த வீட்ல செய்யக்கூடாதுன்னா, நான் வாலாஜாபாத்ல வீடு பாத்துக்கறேன். நீ வர்றியா, இங்கியே இருக்கியா?"

நான் பெரிய வீரனில்லையா? "சாயங்காலம் பேசிக்கலாமே" என்றேன்.

அம்மாதான் ராட்டையை நிறுத்தினாள். "எந்திரிங்க" என்றாள், அப்பாவைப் பார்த்து. அப்படி ஒரு குரலை அம்மாவிடம் நான் கேட்டதேயில்லை. அப்பா திகைத்து எழுந்துவிட்டார். ஜோனாலி போய் உட்கார்ந்தாள். தறிக்குழி அப்பாவின் உயரத்துக்கு வெட்டியது. அவள் கால்கள் மிதிபலகைக்கு எட்டாமல் தொங்கின.

"பாத்தியா?" என்றார் அப்பா.

அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து வந்தாள். கயிறு கோத்த கட்டைகள். மேல்பக்கம் கால் பட்டுப் பட்டு வழவழத்துக் கிடந்தது.

"மிதியில கட்டிக்கம்மா. எனக்கும் எட்டாது."

அப்பா கட்டையைத் தடவிப் பார்த்தார். "எப்ப?"

"பிரதோஷத்துக்குப் பிரதோஷம். நீங்க கோயிலுக்குப் போனப்புறம்."

"எந்தப் பொடவையில?"

"எல்லாத்துலயுந்தான். தொட்டா சொல்லுவீங்களே, சொல்லுங்க பாப்போம்."

அப்பா தறியில் கிடந்த புடவையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் ஜோனாலியிடம் சொன்னார்: "இறுக்கிக் கட்டும்மா. நழுவும்."

பிறகு குழியைக் கொஞ்சம் மேடாக்கினோம். கட்டைகள் பரணேறின. அம்மாவும் ஜோனாலியும் பட்டப்பகலில் மாறி மாறி நெய்கிறார்கள். அப்பா ராட்டையில் நூலை அறுத்துக்கொண்டு திட்டு வாங்குகிறார். மெஷின் ஆடினால் ஆடட்டும். பிரதோஷத்தன்று கதவைத் தாழ்போடும் அந்தச் சத்தம் மட்டும் இந்த வீட்டில் இல்லை. போனது போனதாகவே இருக்கட்டும்.