மான்தோல் பூட்ஸ்

முதன்முதலாகக் கிரிக்கெட் பூட்ஸ் வாங்கக் கிளம்பியபோது, அது காலைக் கடிக்குமா, வழுக்குமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அது எந்த மிருகத்தின் தோல் என்பது ஒன்றுதான் என் கவலை. பந்து போடுகிறவன் கவலைப்பட வேண்டிய விஷயமா இது என்று கேட்டால், எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் நீங்களும் கவலைப்பட்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துத் திருவனந்தபுரத்தில் கிரிக்கெட் ஆடுவதற்கென்று யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆனால் கிரிக்கெட்டால் சம்பளம் வாங்கியவர்கள் உண்டு. சர்க்கார் ஆபீஸ்களுக்குள் அப்படியொரு போட்டி. நன்றாக ஆடுகிறவனைத் தேடிப் பிடித்துக் குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். வேகமாகப் பந்து போடுவேன். கணக்கும் கையெழுத்தும் சுமார். வேலை தற்காலிகம். அதை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே எழுத வேண்டியவர் எங்கள் சூப்பிரண்டு. எங்கள் டீமுக்குக் கேப்டனும் அவரேதான்.

ஓணம் கழிந்ததும் மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர்களோடு ஒரு மாட்ச் என்று அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்களுடைய கிளப் மைதானத்தில் ஆட்டம். இலாகா தலைவரே பார்க்க வருகிறார். அவர் கண்முன்னால் நான் நாலு விக்கெட் எடுத்தால் நிரந்தரத்துக்கு எழுதுவது சுலபம். ஆனால் அந்த மைதானத்தில் வெறுங்காலோடு இறங்க விடமாட்டார்கள். பூட்ஸ் இல்லையென்றால் நானும் இல்லை, எழுதுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இதை மலையாளத்தில் மெதுவாகவே சொன்னார்.

அதுவரை நான் வெறுங்காலில்தான் பந்து போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசுக்கும் வெறுங்கால்தான். அப்பா கோயிலில் வேதபாராயணம் செய்கிறவர். தெருவில் மற்றவர்கள் தோல் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து, வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். எங்கள் வீட்டில் வாசல்படிக்குக்கூடத் தோல் வரக்கூடாது. அப்பா மரப் பாதக்குறடுதான் போடுவார். மாட்டுத்தோலில் கால் வைத்தவன் பூஜை அறைப் பக்கமும் அடுக்களைப் பக்கமும் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அப்படியென்றால் அந்தச் சின்ன வீட்டில் அவன் நிற்க இடமே கிடையாது.

தோலே இல்லாத பூட்ஸ் இருக்கிறதே என்று முதலில் சாலை பஜார் கடை ஒன்றில் ஒரு ஜோடி கேன்வாஸ் வாங்கினேன். பந்து போடும்போது என் இடது கால் தரையில் போய் அறையும். இரண்டாவது ஓவரிலேயே கேன்வாஸ் வாயைப் பிளந்து பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. இன்னொரு ஜோடி வாங்கினேன். அதற்கும் அதே கதி.

மற்றவர்கள் எப்படி வாங்கினார்கள் என்று விசாரித்தேன். அரண்மனை வட்டாரத்தில் ஆடுகிறவர்களுக்குச் சீமையிலிருந்து கப்பலில் வரும். அதை நான் நினைத்துப் பார்க்கவே முடியாது. மற்ற ஆபீஸ்காரர்கள், ஊருக்குத் திரும்பும் தோட்டத்துரைகளிடம் பழசு வாங்குவார்கள். அப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். துரையின் கால் நீளம், அகலமில்லை. என் கால் செருப்பையே அறியாமல் வளர்ந்த கால். முறம் மாதிரி விரிந்திருக்கும். முன்னால் இடம் மிச்சமிருக்க, பக்கவாட்டில் விரல்கள் நசுங்கின. துரையின் காலை நான் எங்கே போய் வாங்குவது?

வழி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒரு காலை வேளையில்தான், அப்பா ஜபத்துக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறதுதான். உட்கார்ந்திருந்தது மான்தோலின்மேல். அவர் எழுந்திருக்கும்வரை பொறுமையாக இருந்தேன். பிறகு கேட்டேன், மான்தோல் மட்டும் தோல் இல்லையா என்று.

அம்மா அடுக்களையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அப்பா கோபப்படவில்லை. மான்தோல் சுத்தம் என்று சாஸ்திரமே சொல்லியிருக்கிறது என்றார். அப்படியானால் மான்தோலில் பூட்ஸ் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்றேன். அப்படியொன்று உலகத்தில் இருக்கவே இருக்காது என்கிற தைரியத்தில்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

"மான்தோலுன்னா ஆத்துக்குள்ள வரலாம். வேற என்னவானாலும் தெருவுக்கு அந்தண்டையாக்கும். கேட்டியோ?"

கேட்டேன். அன்றைக்கே சூப்பிரண்டு வீட்டுக்குப் போய், மதராஸ் விளையாட்டுச் சாமான் கடையின் கேட்லாக்கை வாங்கிப் பார்த்தேன். இருந்தது. வெள்ளை மான்தோல் பூட்ஸ், உயர்ந்த ரகம், படத்தோடு. கன்றுத்தோலைவிட விலை அதிகம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்புறம்தான் அடிப்பாகத்தைப் பற்றி யோசித்தேன். தோல் அடி போட்டு ஆணி அடித்தது ஒரு வகை, ரப்பர் அடி இன்னொரு வகை. சூப்பிரண்டு ஆணியடித்ததைத்தான் வாங்கச் சொன்னார். பிட்ச்சில் தென்னங்கயிற்றுப் பாய் விரித்திருந்தாலும், நான் ஓடிவருவது புல்லில். மழைக்காலத்தில் அந்தப் புல்லில் ரப்பர் நிற்காது என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆனால் அந்தத் தோல் அடி மாட்டினுடையது. மேலே மான், கீழே மாடு என்று கொண்டுபோய் அப்பாவிடம் நான் வழக்காட முடியாது. ரப்பர் அடியே போதும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இவனை எதற்கு வேலைக்கு எடுத்தோம் என்பது அப்படியே தெரிந்தது. மழை பெய்தால் பெய்யட்டும், வீடும் வேண்டும், வேலையும் வேண்டும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

தரையில் காகிதத்தை விரித்து, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்றுகொண்டு, கரிக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டு மதராசுக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்து அம்மா, இது மனுஷக் காலா, ஆமையா என்றாள்.

பார்சல் வந்த சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வெளியே நின்றே பிரித்தேன். பால் போல வெள்ளை. அப்பா ஆற்றில் குளித்துவிட்டு, விபூதி காயாமல் அப்போதுதான் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டேன். இதுவா மான் என்று கேட்டார். ஆமாம், கேட்லாக்கில் போட்டிருக்கிறது என்றேன். அவர் குனிந்து, இரண்டு விரலால் மேல்தோலை மெதுவாகத் தடவினார். மடிப்பில் லேசாக அழுத்திப் பார்த்தார். ரப்பரைத் திருப்பிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி, உள்ள கொண்டுபோய் வை."

அவ்வளவுதான். அம்மாவுக்கே நம்ப முடியவில்லை. நான் பூட்ஸை வாசலை ஒட்டிய ரேழி அலமாரியில் வைத்துவிட்டு, எடுத்து மறுபடி காலில் போட்டுப் பார்த்து, கயிறு கோத்து அவிழ்த்து, அன்று பூராவும் அதே வேலையாக இருந்தேன்.

மாட்ச் அன்று காலையில் நல்ல மழை. பத்து மணிக்கு விட்டது. சூப்பிரண்டு சொன்னபடியே நடந்தது. என் முதல் பந்துக்கு ஓடிவந்தேன், ரப்பர் அடி ஈரப்புல்லில் வழுக்கியது, உட்கார்ந்த நிலையில் அம்பயர் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். இலாகா தலைவரும் சிரித்தார். மெல்ல ஓடிப் பார்த்தேன். அப்படிப் போட்ட பந்துகளை அவர்கள் வேலிக்கு வெளியே அனுப்பினார்கள். இரண்டு ஓவர் முடிந்ததும் சூப்பிரண்டு பந்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆணி என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

பவுண்டரிப் பக்கம் நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பக்கத்தில், பாயைக் கட்டி எடுத்துவந்த தென்னங்கயிறு ஒரு சுருள் கிடந்தது. மைதானத்தைச் சுற்றிலும் தென்னை மரங்கள். ஈர மரத்தில் மனிதன் காலில் கயிற்றுத் தளை மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! கயிற்றை எடுத்து, பூட்ஸின் அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மேலே இறுக்கி முடிந்தேன். புல்லில் அழுத்திப் பார்த்தேன். கால் நின்றது.

சூப்பிரண்டிடம் போய்ப் பந்தைக் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரே ஒரு ஓவர் கொடுங்கள், அதிலும் வழுக்கினால் நானே பெவிலியனுக்குப் போய்விடுகிறேன் என்றேன். எதிரணிக் கேப்டன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, பாயைக் கிழிக்கிற ஆணி ஒன்றும் இல்லையே, கயிறுதானே, போடட்டும் என்றார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அந்த ஓவரில் அவருடைய ஸ்டம்பைத்தான் பறக்கவிட்டேன்.

நடுநடுவே கயிறு தேயும். உட்கார்ந்து அவிழ்த்து வேறு கயிறு சுற்றுவேன். அதற்குள் மற்றவர்கள் அலுத்துப்போய்விடுவார்கள். எனக்கு அலுக்கவில்லை. சூப்பிரண்டு அதற்குப் பிறகு சாயங்காலம்வரை பந்தை என்னிடமிருந்து வாங்கவில்லை. மாட்சை என்னவோ தோற்றோம். எங்கள் ஆட்டக்காரர்கள் மட்டையை அலங்காரத்துக்குப் பிடித்திருந்தார்கள். ஆனால் இலாகா தலைவர் போகும்போது என்னைக் கூப்பிட்டுப் பூட்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.

அந்த மழைக்காலத்திலிருந்து வீட்டில் ஒரு மாறுதல். அப்பா விடிகாலையில் மான்தோலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரைப் படித்துறை மண்டபத்துக்குப் போய் ஜபம் செய்ய ஆரம்பித்தார். வீட்டில் சத்தம் அதிகம், அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்றார். மழையிலும் போவார். இருமலோடும் போவார். வயசானால் பிடிவாதம் கூடும் என்று அம்மா முணுமுணுத்தாள். எங்கள் வீட்டில் அதற்கு வயசாக வேண்டியதே இல்லை. பூட்ஸ் பாட்டுக்கு ரேழி அலமாரியில் இருந்தது. ஒவ்வொரு மாட்ச்சுக்கும் முன்னால் வெள்ளை பூசுவேன். ரப்பர் தேய்ந்தபோது ஆரியசாலைக் கடைத்தெருவில் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து எங்கள் டீம் மதராசுக்கு ஆடப்போனது. அந்தக் கடையை நேரில் பார்த்துவிட்டு, அதே மாதிரி புது ஜோடி வாங்கலாம் என்று பழையதையும் கையோடு எடுத்துப்போனேன். கடைக்காரர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இது கன்றுத்தோல் என்றார். நான் மான்தோலுக்குப் பணம் கட்டினேன் என்றேன். மான்தோல் கையிருப்பு இல்லாதபோது கன்றுத்தோலில் வெள்ளை ஏற்றி அனுப்புவது அப்போதைய வழக்கம், இதுவரை யாரும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதில்லை என்று சிரித்தார். அவரை அடிக்கக் கை ஓங்கவில்லையே தவிர, கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். புது ஜோடி வாங்கவில்லை.

ரயிலில் வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. மாட்டுத்தோலை வருஷக்கணக்காக வீட்டுக்குள் வைத்திருக்கிறோம். அப்பாவிடம் சொன்னால் உடைந்துபோய்விடுவார். சொல்லாமல் இருந்தால் நானும் அந்தக் கடைக்காரனும் ஒன்று. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்குள் நுழையாமல் நேரே படித்துறைக்குப் போனேன். அப்பா ஜபம் முடித்து மான்தோலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பூட்ஸ் கையில் இருந்ததால் இரண்டு படி கீழேயே நின்றுகொண்டு, கடைக்காரன் சொன்னதைச் சொன்னேன். அவர் சுருட்டி முடித்துத்தான் என்னைப் பார்த்தார்.

"பூணூல் போட்ட நாள்லேர்ந்து மான்தோல்ல ஒக்காறேன். தடவிப் பார்த்தா எனக்குத் தெரியாதோடா?"

பின்னே ஏன் உள்ளே வைக்கச் சொன்னேள் என்று கேட்டேன்.

"அப்பவே சொல்லியிருந்தா நீ திருப்பி அனுப்பியிருப்பே. மாட்ச் போயிருக்கும். தோலைத் தொட்டா ஒரு முழுக்குப் போட்டாப் போறும். வேலை போனா எந்த ஆத்துல முழுகினா வரும்?"

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த மண்டபத்தைப் பார்த்தேன். கூரை ஒரு பக்கம் ஒழுகும். அப்பா உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே கல்லில் பாசி பிடித்திருந்தது. அவர் சொன்ன நல்ல காற்று அங்கே இல்லை. பூட்ஸ் இருக்கிற வீட்டில் ஜபம் செய்ய மனசு வராமல்தான் இத்தனை மழைக்காலமும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். என் பூட்ஸை வெளியே வைக்கச் சொல்லாமல் தான் வெளியே வந்துவிட்டார். அவருக்கு முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அப்படியே திரும்பி ஆபீசுக்கு நடந்தேன். பூட்ஸை என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பிறகு ஆடிய காலமெல்லாம் அது அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அது கன்றுத்தோல் என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே ரேழியைச் சாணி போட்டு மெழுகி, அலமாரியை அலம்பிவிட்டாள்.

மறுநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தேன். நல்ல மழை. மான்தோல் பூஜை அறையில் பழைய இடத்தில் விரித்திருந்தது, அப்பா அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.