ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில்

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே கால் மணிக்கு, ஒரு கையில் குடை, மறு கையில் டோர்ச், காலெல்லாம் சேறு என்று ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்றேன். வழக்கமாக அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். போர்வைக்குள். அலாரத்தைத் திட்டிக்கொண்டு.

பிறகு ஏன் போனேன்? மூன்று மாதத்துக்கு முன்னால் அதே தோட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். பெரிய புத்திசாலித்தனமான கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அதற்குப் பதில் தேடித்தான் போனேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அன்று போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கேகாலையிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். மேலே தேயிலை, கீழே ரப்பர் என்று இரண்டும் உள்ள தோட்டம். நம் பக்கத்தில் இது சாதாரணம். பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு செயலமர்வு. நான் வளவாளர். வளவாளர் என்றால் என்ன? பஸ்ஸில் வந்து, பேசிவிட்டு, பணிஸ் சாப்பிட்டு, பஸ்ஸில் போகிறவர்.

தலைப்பு, 'பிள்ளையின் காலைப்பொழுது'. பிரிஸ்டல் போர்டில் மூன்று கலரில் பத்துக் குறிப்புகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பிள்ளையை அன்பாக எழுப்புங்கள்... கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்... பத்து நிமிடமாவது பேசுங்கள்... இப்படியே போய், பத்தாவது குறிப்பு – வாசலில் நின்று கை அசைத்து அனுப்புங்கள்.

கூட்டம் நடந்தது பிள்ளைக் காம்பராவில். தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அதைப் பார்த்துக்கொள்பவர் சோமாவதி. கீழே கிராமத்திலிருந்து வருகிற சிங்களப் பெண். இத்தனை வருடமாகப் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கியே தமிழ் படித்துக்கொண்டவர்.

காலையில் கீழ் லயத்துக்கு ஒரு தடவை, மத்தியானத்துக்குப் பிறகு மேல் லயத்துக்கு ஒரு தடவை பேச வேண்டும் என்றார்கள். இடம் போதாதாம். அரை மண்டபம் காலியாகக் கிடந்ததைப் பார்த்த பிறகும் நான் அதை நம்பினேன்.

கீழ் லயத்தில் எல்லாரும் ரப்பர்காரர்கள். பால் வெட்டுகிறவர்கள். பெண்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். உற்சாகத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"வேலை நாளில, காலையில கண் முழிச்சதும் உங்க பிள்ளை முதல்ல என்ன செய்யும்? யாராவது சொல்லுங்க பார்ப்போம்!"

ஒரு பெண் எழுந்தாள். மகேஸ்வரி. இருபத்தைந்து வயது இருக்கலாம். மடியில் இருந்த நான்கு வயது மகள் நிரோஷாவை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

"தெரியாதுங்க டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "பெத்த அம்மாவுக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாங்க போறப்ப புள்ள தூங்குமுங்க," என்றாள், கோபமே இல்லாமல். "அஞ்சரைக்கி மரத்தடியில நிக்கணும். வெயில் ஏறிட்டா பால் எறங்காதுங்க. புள்ளக்காம்பரா ஏழு மணிக்கித்தான் தொறப்பாங்க. ஏழு மணிக்கி ஓடியாந்து, தூக்கிட்டுப் போயி உட்டுட்டு, திரும்ப மலைக்கி ஓடுவேன்."

ஏழு மணி என்பது கொழுந்து பறிக்கிறவர்களின் கணக்குக்கு வைத்த நேரம். யாரோ எப்போதோ வைத்தது. ரப்பர் மரத்தின் நேரம் வேறு என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"அப்படின்னா நடுவுல ஒன்றரை மணி நேரம் பிள்ளை யாரோட?"

"யாருமில்லீங்க. கதவ சாத்திட்டுப் போயிருவோம். பூட்டு போடுறதில்ல. துணியால கட்டி வைப்போம். நெருப்பு கிருப்பு பத்திக்கிச்சின்னா யாராச்சும் அவுத்து உடலாமில்லீங்களா?"

யாராவது என்றால் யார்? அந்த நேரத்தில் லயம் முழுக்க மரத்தடியில் நிற்கிறது. அதை நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்த விஷயம்தானே.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அந்தத் துணி முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நிரோஷா இருட்டில் அம்மாவைத் தேடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஏழு மணிக்கு மகேஸ்வரி வந்து பார்த்தால் வீடு காலி. லயமே தேடியது. மலைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற காணுக்குள் உட்கார்ந்திருந்தாளாம், அழாமல். 'இனிமே இப்பிடி நடந்தா உனக்கு பால் வெட்டு கெடையாது' என்று வேலையை மேற்பார்வை பார்க்கிற கணக்கப்பிள்ளை கத்தியிருக்கிறார். அவருக்கும் பயம்தான்.

"அதனால இரத்தினபுரியில ஒரு புள்ளைங்க ஹோம்ல சேக்கப் போறேன்ங்க," என்றாள் மகேஸ்வரி. "வருசப் பொறப்பு முடிஞ்சதும் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. நேரத்துக்கு சாப்பாடாம். மாசம் ஒருக்கா போயிப் பாக்கலாமாம். அவுங்க அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு, அவரும் சரின்னுட்டாரு."

பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். இடுப்பில் இருந்த சின்னது என் பிரிஸ்டல் போர்டில் இருந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதற்காக இருபத்திநாலு மணி நேரமும் தாயை விட்டுப் போகப்போகிறாள் ஒரு குழந்தை.

போர்டை மெல்லச் சுருட்டி வைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு மேல் லயம். கொழுந்து பறிக்கிறவர்கள். பட்டுத் தெளிந்திருந்தேன் அல்லவா? கேள்வியை மாற்றினேன். "சாயந்தரம் உங்க பிள்ளைகள் என்ன செய்யும்?"

முன்வரிசையில் இருந்த பாக்கியம் கையைத் தூக்கினாள். நாற்பதை நெருங்கும் வயது, கனத்த குரல்.

"தெரியாதுங்க. நாலு மணிக்கி புள்ளக்காம்பரா மூடிருவாங்க. கொழுந்து நிறுத்து முடிய அஞ்சு. நடந்து வர அஞ்சரை. அதுவரைக்கும் எம்மகன் ரோட்டுலதான். போன கெழம லொறிக்காரன் பிரேக் அடிக்காட்டி..."

நான் அனுதாபத்தோடு தலையை ஆட்டினேன். பிளேன்டீ குடித்தேன். பை முழுக்கப் பேப்பர்களோடு பஸ் ஏறினேன். காலையில் கேட்டதும் மாலையில் கேட்டதும் ஒரே மண்டைக்குள்தான் இருந்தன. ஒன்றோடு ஒன்று பேசவேயில்லை.

பக்கத்து சீட்டில் சோமாவதி. தோட்டத்து துரைக்கு, அதாவது மேனேஜருக்கு, எழுதப் போகிற கடிதத்தை – பிள்ளைக் காம்பராவை விடியற்காலையிலேயே திறக்கவேண்டியதன் அவசியம் பற்றி – நான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அனே டீச்சர்," என்றார். "காலையில கீழ அம்மா வீட்டுல இல்ல. மேல அம்மா இருக்கு. சாயந்தரம் மேல அம்மா இல்ல. கீழ அம்மா ஒரு மணிக்கே வந்துரும். மாத்தி மாத்திப் பாத்தா ஹரி, எல்லாம் சரி தானே?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அப்படின்னா இவ்வளவு நாளா ஏன் செய்யல?"

"பீலி," என்றார் சோமாவதி.

பீலி என்றால் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற குழாய். மேல் லயத்துப் பீலியில் வழிகிற தண்ணீர்தான் கீழ் லயத்துக்கு வரும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கோடையில் மேலே மறித்துவிட்டார்கள். கீழே இருந்து போய்க் கேட்டார்கள். வாளி பறந்திருக்கிறது. அன்றிலிருந்து இந்த லயத்துப் பெண்கள் அந்த லயத்து வாசலை மிதிப்பதில்லை. என்னை ஏன் இரண்டு தடவை பேச வைத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

கடிதம் எழுதினேன். துரையிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. விஷயம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளதாம். கவனத்தில் எடுத்த விஷயங்களை எங்கே வைப்பார்கள்? எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கிடையில் என் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் மகன் காலையில் முதலில் என்ன செய்கிறான்? யோசித்தேன். தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். பெற்ற அம்மாவுக்கே தெரியாது. ஆனால் என் வீட்டுக் கதவைத் துணியால் கட்டுவதில்லை. அவளுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அன்பு என்று பார்த்தால் அவள் என்னைவிட ஒரு பிடி கூடத்தான்.

மிச்சத்தை மகேஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சோமாவதி இரண்டு பக்கமும் ஒரே பேச்சைப் போட்டு வைத்திருக்கிறார். யாரும் அசையவில்லை. வருடப் பிறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஹோமுக்குக் கொண்டுபோக நிரோஷாவின் உடுப்புகளை மடித்திருக்கிறாள் மகேஸ்வரி. இரண்டு கவுன், ஒரு சுவெட்டர். அப்படியே வைத்துவிட்டு எழுந்து மேல் லயத்துக்குப் போய்விட்டாள்.

"பாக்கியம் அக்கா வாசல்ல போயி நின்னேன்ங்க. 'என்னா, தண்ணிக்கி வந்தியா?'ன்னாங்க. 'இல்லக்கா. காலையில எம்புள்ளய வச்சிக்கிறீங்களா? சாயந்தரம் ஒங்க மகன நான் பாத்துக்கிறேன்'னேன். அவுங்க என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க. திரும்பிப் போயிருவமான்னு இருந்துச்சி. அப்பறம் கேட்டாங்க... 'புள்ள எத்தன மணிக்கி எந்திரிக்கும்?'"

அவ்வளவுதான். சுவெட்டர் திரும்பக் கொடிக்குப் போனது. ஹோமுக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்று.

இப்போது ஐந்தேகாலுக்கு மகேஸ்வரி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு மேலே கொண்டுபோய் விடுகிறாள். ஏழு மணிக்குப் பாக்கியம் தன் மகனோடு அவளையும் பிள்ளைக் காம்பராவில் சேர்க்கிறாள். நாலு மணிக்கு மகேஸ்வரி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஐந்தரைக்குப் பையனை மேலே கொண்டுபோய் விடுகிறாள். இவர்களைப் பார்த்து இன்னும் நாலு வீடுகள் ஜோடி சேர்ந்துவிட்டன. நாலு மணிக்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் வந்துவிடுவதால் சோமாவதி இப்போது பஸ்ஸைத் தவறவிடுவதில்லை.

பீலித் தகராறு? அது தீரவில்லை. அது வேறு விஷயமாம்.

இதைக் கண்ணால் பார்க்கத்தான் திங்கட்கிழமையே வந்து சோமாவதி வீட்டில் தங்கி, செவ்வாய் காலை டோர்ச்சோடு ஏறினேன். ஏறுகிற நேரம் பார்த்து மழை. சும்மா மழை அல்ல, தகரக் கூரையில் கல் கொட்டுகிற மழை.

மகேஸ்வரி கதவைத் திறந்து சிரித்தாள். "மரமெல்லாம் நனஞ்சிருச்சிங்க டீச்சர். இன்னைக்கி வெட்டு இல்ல."

வந்தது வீண். ஆனாலும் எனக்குச் சந்தோஷம். ஒரு நாளாவது தாயும் பிள்ளையும் சேர்ந்து விடியட்டுமே! குறிப்பு ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

நிரோஷா முழித்தாள். எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"மொதல்ல என்னா செய்யும்னு கேட்டீங்கல்ல டீச்சர்? இதுதாங்க," என்றாள் மகேஸ்வரி மெதுவாக. "மழ பேயிற நாள்ல மட்டும்தான் எனக்கு தெரியும். கூரையப் பாக்கும். மழன்னா அம்மா போகாதுல்ல? குதிக்கும்."

அன்று குதிக்கவில்லை. உதடு பிதுங்கியது. "அப்ப இன்னைக்கி பாக்கியம் பெரியம்மா ஊட்டுக்கு போக ஏலாதா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

மகேஸ்வரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள். "கொஞ்சம் வலிக்கத்தாங்க செய்யிது. ஆனா ஹோமுக்கு அனுப்பியிருந்தா, இந்த அழுகையக் கூட நான் கேட்டிருக்க மாட்டேன்."

கதவு தட்டப்பட்டது. வெளியே பாக்கியம். தலையில் படங்குச் சாக்கு, கீழே சொட்டுகிற தண்ணீர். இரண்டு வருடமாக அவள் மிதிக்காத வாசல்.

"எங்க, புள்ளய இன்னும் காணோம்? ரொட்டி சுட்டு வச்சிருக்கேன், ஆறிப் போகுது."

"இன்னைக்கி மழக்கா. வெட்டு இல்ல. நாந்தான் வீட்டுல இருக்கேனே."

"நீ இருந்தா நீயும் வா."

மூன்று பேரும் ஒரே சாக்குக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டு படியேறினார்கள். அழுகை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பாதி வழியில் நிரோஷா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பத்துக் குறிப்பில் அன்று நடந்தது பத்தாவது மட்டும்தான். வாசலில் நின்று கை அசைத்து அனுப்பியது நான்.